ஸ்கிரிப்ட் கோப்புக்கு வழி சொல்லுதல்

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறியவர் யாவரும் ஒருமுறையேனும் பட்டிருக்கக்கூடிய சங்கடம் ஒன்று உண்டு. மாதுங்காவிலோ கரோல் பாக்கிலோ புதிதாக வீடு பிடித்த நண்பர் நம்மை விருந்துக்கு அழைக்கிறார். "மளிகைக் கடைக்கு நேர் எதிரே இடப்பக்கம் திரும்புங்கள், மூன்றாவது கட்டடம்" என்று வழியும் சொல்லிவிடுகிறார். அவர் வழக்கமாக வந்துபோகும் திசையிலிருந்து பார்த்தால் அது முற்றிலும் உண்மை. நாமோ ரயில் நிலையத்தின் மறுவாசல் வழியாக இறங்கி, எதிர்த்திசையிலிருந்து வருகிறோம். இடப்பக்கம் திரும்பினால் மூன்றாவது கட்டடம் ஒரு சலவைக் கடையாக இருக்கிறது. நண்பர் பொய் சொல்லவில்லை. நாமும் வழி தவறி நடக்கவில்லை. எங்கே நின்றுகொண்டு எண்ணத் தொடங்குவது என்பதில்தான் இருவருக்கும் வேற்றுமை.

இணையப் பக்கம் ஒன்றை அமைப்பவர் அப்பக்கத்திற்குத் தேவையான ஸ்கிரிப்ட் கோப்புக்கு வழி சொல்லும்போது நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. சிறிய பொருளாகத் தோன்றும் இதனைப் பற்றி விரிவாகப் பேசப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மே முதல் நாளிலிருந்து, ஆங்காங்கே சிக்கிக்கொண்ட தொழிலாளர்களைச் சொந்த மாநிலங்களுக்குக் கொண்டு சேர்க்கும் சிறப்பு ரயில்கள் புறப்படத் தொடங்கின. அப்பொழுது நாம் இருந்த மேற்கு இந்திய நகரில், தமிழர் சங்கம் ஒன்று ஊர் திரும்ப விரும்புவோரின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்க முன்வந்தது. உணவு விடுதியில் பணிபுரிந்தோர், கட்டட வேலைக்கு வந்தோர், பிரசவத்திற்கு ஊர் போக வேண்டிய பெண்கள் எனப் பலரும் அப்பட்டியலை எதிர்நோக்கியிருந்தனர். பதிவு செய்வதற்கான இணையப் பக்கத்தை இரண்டே நாளில் அமைத்துத் தரும் பொறுப்பு நம்மிடம் வந்தது. நம் கணிப்பொறியில் அதனைப் பலமுறை சோதித்தோம், பழுதின்றி இயங்கியது. மாலையில் சங்கத்தின் சர்வரில் ஏற்றினோம். பக்கம் அழகாகத் தோன்றியது. "பதிவு செய்க" என்ற பொத்தானும் இருந்தது. ஆனால் மறுநாட்காலை பட்டியலைத் திறந்தபோது அதில் ஒரு பெயர்கூட இல்லை.

என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு பக்கம் நம் கண்முன் தோன்றும் விதத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். உலாவியில் நாம் காணும் பக்கம் ஒரே பொட்டலமாக வந்து இறங்குவதன்று. முதலில் எழுத்துகளையும் படிவத்தையும் கொண்ட எச்டிஎம்எல் கோப்பு வருகிறது. உலாவி அதனை வரிவரியாகப் படிக்கிறது. இடையில், "இப்பக்கத்திற்குரிய ஸ்கிரிப்ட் இன்ன இடத்தில் இருக்கிறது" என்று ஒரு வரி காணப்படும். உடனே உலாவி அந்த இடத்திற்குத் தனியாக இன்னொரு வேண்டுகோள் அனுப்பி, அக்கோப்பை வரவழைத்து இயக்குகிறது. பெயர் விடுபட்டதா, தொலைபேசி எண்ணில் பத்து இலக்கம் இருக்கிறதா என்றெல்லாம் சரிபார்த்து, விவரத்தைச் சர்வரிடம் சேர்ப்பிப்பது இந்த ஸ்கிரிப்டின் வேலை. அது வந்து சேரவில்லையானால் பக்கம் பார்வைக்கு எவ்விதக் குறையுமின்றி இருக்கும், வேலைதான் நடவாது. படம் வராவிட்டால் வெற்றுக் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கிரிப்ட் வராமைக்கு அப்படிப்பட்ட அடையாளம் எதுவும் திரையில் இல்லை. ஆகவேதான் இப்பிழை மற்றப் பிழைகளைவிடக் கொடியது என்கிறோம்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்தமாகக் கூறவேண்டும். பக்கத்தில் எழுதப்பட்ட வழியைப் பொருள்கொள்வது உலாவி. சர்வர் அன்று, எழுதியவரும் அல்லர். கோப்பு சர்வரின் வட்டில் எந்தக் கோப்புறைக்குள் கிடக்கிறது என்பது உலாவிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதற்குத் தெரிந்தது, தான் இப்போது திறந்து வைத்திருக்கும் பக்கத்தின் முகவரி ஒன்றே. அந்த முகவரியில் நின்றுகொண்டுதான் அது மற்ற எல்லா வழிகளையும் கணக்கிடுகிறது. எழுதியவரோ தம் மேசைமேல் உள்ள கோப்புறைகளை மனத்தில் வைத்து வழி எழுதுகிறார். இரண்டும் ஒத்துப்போகும் வரையில் தொல்லை இல்லை.

இனி எடுத்துக்காட்டுக்கு வருவோம். நடைமுறையில் கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அமைவது வழக்கமாயினும், படிப்போரின் வசதி கருதி இங்கே தமிழில் தருகிறோம். நாம் அமைத்த ஸ்கிரிப்டின் பெயர் 'சரிபார்.ஜேஎஸ்'. அது 'நிரல்' என்ற கோப்புறைக்குள் இருந்தது. பக்கத்தில் அதற்கு நாம் எழுதியிருந்த வழி இது:

/நிரல்/சரிபார்.ஜேஎஸ்

முதலில் உள்ள சாய்கோட்டைக் கவனிக்க வேண்டும். சாய்கோட்டில் தொடங்கும் வழி, "தளத்தின் வேரிலிருந்து புறப்படுக" என்று உலாவிக்கு ஆணையிடுகிறது. இதனை வேர்ப் பாதை என்று அழைப்போம். நம் கணிப்பொறியில் அந்தப் பதிவுப் பக்கம் தனியாக, வேரிலேயே குடியிருந்தது. ஆகவே வழி பொருந்தியது. சங்கத்தின் சர்வரிலோ வேரில் ஏற்கெனவே சங்கத்தின் பழைய தளம் அமர்ந்திருந்தது. நமக்கு 'ஊர்திரும்பு' என்ற உட்பிரிவை ஒதுக்கித் தந்திருந்தனர். பக்கத்தின் முகவரி '/ஊர்திரும்பு/பதிவு' என்றாயிற்று. ஸ்கிரிப்ட் உண்மையில் இருந்த இடம் '/ஊர்திரும்பு/நிரல்/சரிபார்.ஜேஎஸ்'. உலாவியோ எழுதியபடியே வேருக்குச் சென்று, அங்கே 'நிரல்' என்ற பிரிவைத் தேடியது. அப்படி ஒன்று அங்கில்லை. "404" என்ற விடை வந்தது. கேட்ட பொருள் காணப்படவில்லை என்பதற்குச் சர்வர்கள் வழங்கும் எண் அது.

பிழையைக் கண்டதும் எவரும் செய்வதை நாமும் செய்தோம். முன்னால் இருந்த சாய்கோட்டை நீக்கினோம். வழி இப்போது 'நிரல்/சரிபார்.ஜேஎஸ்' என்றாயிற்று. இதற்குச் சார்புப் பாதை என்று பெயர். உலாவி இதனைக் கணக்கிடும் முறை எளியது. தான் நிற்கும் பக்கத்தின் முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள பகுதியை வெட்டிவிடும். எஞ்சியதோடு நாம் தந்த வழியை ஒட்டிக்கொள்ளும். '/ஊர்திரும்பு/பதிவு' என்பதில் 'பதிவு' வெட்டப்படும், '/ஊர்திரும்பு/' எஞ்சும், அதனோடு 'நிரல்/சரிபார்.ஜேஎஸ்' சேர்ந்து சரியான இடம் கிடைக்கும். பக்கம் இயங்கியது. நாமும் நிம்மதியாக மூச்சுவிட்டோம்.

அந்த நிம்மதி மதியம் வரைதான் நீடித்தது. மாவட்டவாரியாகப் பட்டியல் வேண்டும் என்று சங்கத்தார் கேட்டதால், '/ஊர்திரும்பு/பதிவு/மதுரை', '/ஊர்திரும்பு/பதிவு/தேனி' என்றவாறு பக்கங்களைப் பிரித்தோம். எல்லாவற்றுக்கும் தலைப்பகுதி ஒன்றே. ஸ்கிரிப்டுக்கான வரியும் அந்தப் பொதுத் தலைப்பகுதியில்தான் இருந்தது. இப்போது உலாவி 'மதுரை' என்பதை வெட்டி, '/ஊர்திரும்பு/பதிவு/நிரல்/சரிபார்.ஜேஎஸ்' என்று தேடத் தொடங்கியது. பழைய பக்கம் ஓடுகிறது. புதிய பக்கம் ஓடவில்லை. ஒரே வரி, ஓரிடத்தில் உண்மை, மற்றோரிடத்தில் பொய். பொதுத் தலைப்பகுதியில் சார்புப் பாதையை எழுதுவது, ஒரே வழித்துண்டை அச்சடித்து ஊரின் எல்லாத் தெருவிலும் விநியோகிப்பது போன்றது.

இதைவிட நுட்பமான இடறல் ஒன்றும் உண்டு. முகவரியின் இறுதியில் சாய்கோடு இருப்பதும் இல்லாததும் வெறும் அழகுக்கான வேற்றுமை என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. '/ஊர்திரும்பு' என்று ஒருவர் தட்டினால், உலாவி 'ஊர்திரும்பு' என்பதையே வெட்டி வேரில் நின்றுவிடும். '/ஊர்திரும்பு/' என்று தட்டினால், வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பிரிவுக்குள்ளேயே நிற்கும். ஆகையால்தான் பல சர்வர்கள், கோப்புறையின் பெயரை இறுதிச் சாய்கோடின்றிக் கேட்பவரைச் சாய்கோடுள்ள முகவரிக்குத் திருப்பி அனுப்புகின்றன. திருப்பி அனுப்பாத அமைப்பில் நேரும் பிழையைக் கண்டுபிடிக்க இரவெல்லாம் விழித்திருந்தோரை நாம் அறிவோம்.

மேற்படிக்கு ஏறுவதைக் குறிக்க இரட்டைப் புள்ளியைப் பயன்படுத்துவர். '../நிரல்/சரிபார்.ஜேஎஸ்' என்றால், ஒரு படி மேலேறி, பிறகு 'நிரல்' பிரிவுக்குள் செல்க என்று பொருள். எத்தனை படி ஏறவேண்டும் என்பதைப் பக்கந்தோறும் எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பது இதன் குறை. இன்னொரு விசித்திரமும் இதில் உண்டு. வேர் வரையில் ஏறிய பின்னும் இரட்டைப் புள்ளிகள் எஞ்சியிருந்தால், உலாவி குற்றம் சொல்வதில்லை. மிகுதியைச் சத்தமின்றித் தள்ளிவிட்டு வேரிலேயே நிற்கும். ஆதலால் தவறான எண்ணிக்கைகூடச் சில இடங்களில் சரியான விடையைத் தந்துவிடும். அந்தத் தற்செயலான வெற்றியை நம்பிப் பக்கத்தை வேறு பிரிவுக்கு மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இந்த விதிகள் ஒவ்வோர் உலாவிக்கும் ஒவ்வொன்று என்று கருத வேண்டாம். இணைய முகவரியின் அமைப்பை 1994ஆம் ஆண்டு டிசம்பரில் டிம் பெர்னர்ஸ் லீ முதலியோர் ஓர் ஆவணமாக வகுத்தனர். சார்புப் பாதையைக் கணக்கிடும் முறையை 1995 ஜூனில் ராய் ஃபீல்டிங் தனியாக எழுதினார். இரண்டையும் ஒருங்கிணைத்துத் திருத்திய ஆவணம் 2005 ஜனவரியில் ஆர்எஃப்சி 3986 என்ற எண்ணோடு வெளிவந்தது. கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ளதை வெட்டுதல், மிகுதியான இரட்டைப் புள்ளியைத் தள்ளுதல் ஆகிய இரண்டும் அதில் தெளிவாகவே உள்ளன. முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோடு உண்மையில் தேவையற்றது என்று பெர்னர்ஸ் லீயே 2009ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டதைச் சிலர் படித்திருக்கலாம். உலகமே பல்லாண்டுகளாகத் தட்டிக்கொண்டிருக்கும் இரு கோடுகள் அவை!

அப்படியானால் தளத்தின் பெயரோடு முழுமுகவரியையே எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். எந்தப் பக்கத்தில் நின்றாலும் அது மாறாது என்பது உண்மைதான். ஆனால் நம் கணிப்பொறியில் சோதிக்கும்போதும் அது சங்கத்தின் சர்வரிலுள்ள பழைய ஸ்கிரிப்டையே இழுத்து வரும். நாம் திருத்தியதைச் சோதிக்கிறோம் என்று எண்ணித் திருத்தாததைச் சோதித்துக்கொண்டிருப்போம். தளத்தின் பெயர் மாறினால் எல்லா வரிகளையும் மாற்ற வேண்டும். மேலும், பக்கம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முறையில் வந்து, ஸ்கிரிப்ட் பழைய எச்டிடிபி முகவரியில் குறிக்கப்பட்டிருந்தால், இன்றைய உலாவிகள் அந்த ஸ்கிரிப்டைத் தடுத்துவிடுகின்றன. பாதுகாப்பு முறைக்கு மாறிய மறுநாள் தளம் பாதி செயலிழந்ததாக வரும் முறையீடுகள் பலவற்றின் மூலம் இதுவே.

'/ஊர்திரும்பு/நிரல்/சரிபார்.ஜேஎஸ்' என்று பிரிவின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவது அடுத்து நம் மனத்தில் தோன்றிய யோசனை. அவசரத்தில் அதனைச் செய்தும் பார்த்தோம். சர்வரில் எல்லாப் பக்கங்களும் ஓடின. நம் கணிப்பொறியில் எல்லாம் நின்றன. அங்கே 'ஊர்திரும்பு' என்ற பிரிவே இல்லையே! நோய் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான்.

ஆக, விடை வழியை எழுதும் விதத்தில் இல்லை. வழியை யார் எழுதுவது என்பதில் இருக்கிறது. தளம் எந்தப் பிரிவில் குடியிருக்கிறது என்பதை அறிந்தது சர்வரில் இயங்கும் நிரல். பக்கத்தைத் தயாரித்து அனுப்புவதும் அதுவே. எனவே பக்கத்தில் வழியைக் கையால் எழுதாமல், "இவ்விடத்தில் குடியிருப்பின் அடிப்பாதையை நீயே எழுதி, அதன்பின் நிரல்/சரிபார்.ஜேஎஸ் என்பதைச் சேர்த்துக்கொள்" என்று அதனிடம் விட்டுவிட வேண்டும். அடிப்பாதை அமைப்புக் கோப்பில் ஒரே ஓரிடத்தில் இருக்கும். நம் கணிப்பொறியில் அது வெறுமை. சங்கத்தின் சர்வரில் '/ஊர்திரும்பு'. பக்கம் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், உலாவிக்குச் சேரும்போது வேரிலிருந்து தொடங்கும் சரியான வழியே எழுதப்பட்டிருக்கும்.

இவ்வசதி ஏறக்குறைய எல்லா அமைப்புகளிலும் உண்டு. ஜாங்கோவில் 'ஸ்டாட்டிக்' என்ற குறியும், ஃபிளாஸ்க்கில் 'யூஆர்எல் ஃபார்' என்ற செயற்கூறும், ஜாவா சர்வர்களில் 'கான்டெக்ஸ்ட் பாத்' என்ற மதிப்பும் இதற்கென்றே உள்ளன. மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் '~/' என்று அலைக்குறியிட்டுத் தொடங்கினால் குடியிருப்பின் அடி என்று பொருள். ஆனால் இந்த அலைக்குறி சர்வருக்கு மட்டுமே விளங்கும் மொழி. சர்வரின் கை படாமல் அப்படியே உலாவியைச் சென்றடைந்தால், அது அலைக்குறியையும் ஒரு கோப்புறைப் பெயராகக் கொண்டு தேடப் புறப்பட்டுவிடும். பழைய வெப் ஃபார்ம்ஸ் பக்கங்களில் சாதாரண ஸ்கிரிப்ட் குறிக்குள் அலைக்குறியை எழுதி ஏமாந்தவர் மிகப் பலர். அங்கே 'ரிசால்வ் யூஆர்எல்' என்ற செயற்கூற்றை வெளிப்படையாக அழைக்க வேண்டும். 2012இல் வெளிவந்த எம்விசி நான்காம் பதிப்பிலிருந்துதான் ரேசர் பக்கங்களில் அலைக்குறி தானாகவே மாற்றப்படலாயிற்று.

ஓர் எச்சரிக்கை. பெரிய தளங்களில் உலாவிக்கும் உண்மையான சர்வருக்கும் நடுவே இடைச் சர்வர் ஒன்று நிற்பதுண்டு. '/ஊர்திரும்பு' என்று தொடங்கும் வேண்டுகோளை வாங்கி, அந்த முன்னொட்டை உரித்துவிட்டு உள்ளே அனுப்பும். உள்ளிருக்கும் நிரலோ தான் வேரிலேயே குடியிருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும். அத்தகைய இடத்தில் அடிப்பாதையை நிரல் தானே ஊகித்துக்கொள்ளும் என்று நம்பலாகாது. நாமே அமைப்பில் எழுதித் தரவேண்டும்.

சர்வரில் நிரல் ஏதும் இன்றி வெறும் கோப்புகளாகவே தளத்தை வைத்திருப்போர் என் செய்வது? எச்டிஎம்எல்லில் 'பேஸ்' என்றொரு குறி உண்டு. பக்கத்தின் தலையில் அதனை இட்டு ஓர் அடிமுகவரியைத் தந்தால், அதன்பின் வரும் சார்புப் பாதைகளை எல்லாம் உலாவி பக்கத்தின் முகவரியை விட்டு அந்த அடிமுகவரியிலிருந்தே கணக்கிடும். மருந்து நல்லதுதான், பத்தியம் கடுமையானது. அது ஸ்கிரிப்டுக்கு மட்டுமன்றிப் பக்கத்தின் படங்கள், இணைப்புகள் அனைத்துக்கும் பொருந்தும். பக்கத்துக்குள்ளேயே ஒரு தலைப்புக்குத் தாவுவதற்கு வைத்த '#' இணைப்புகள்கூட அடிமுகவரியை நோக்கி ஓடிவிடும். அன்றியும் 'பேஸ்' குறி, முகவரி தாங்கிய மற்ற வரிகளுக்கெல்லாம் முன்னால் இருக்க வேண்டும். நம் கருத்தில், சர்வரில் நிரல் உள்ளவர் இதனை நாடாதிருப்பதே நலம்.

ஸ்கிரிப்டை வரவழைத்ததோடு தொல்லை முடிந்துவிடுவதில்லை. அந்த ஸ்கிரிப்டே வேறொரு கோப்பையோ தகவலையோ கேட்கலாம். அப்போது சார்புப் பாதை எதிலிருந்து கணக்கிடப்படும்? ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையிலிருந்து என்றே பெரும்பாலோர் கருதுவர். அது தவறு. ஸ்கிரிப்டின் உள்ளிருந்து 'ஃபெட்ச்' செயற்கூற்றால் தகவல் கேட்டால், கணக்கு தொடங்குவது பக்கத்தின் முகவரியிலிருந்து. ஆனால் நடைத்தாள் கோப்புக்குள் ஒரு படத்தைக் குறித்தால், கணக்கு தொடங்குவது அந்த நடைத்தாள் இருக்கும் இடத்திலிருந்து. ஜாவாஸ்கிரிப்டின் புதிய கூறுமுறையில், ஒரு கோப்பு மற்றொன்றை 'இம்போர்ட்' என்ற சொல்லால் அழைக்கும்போதும் தான் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கும். ஒரே தளத்துள் மூன்று வழக்கு! நாம் கையாண்ட முறை இது: சர்வர் எழுதிய அடிப்பாதையைப் பக்கத்தின் முதற்குறியிலேயே ஒரு பண்பாகப் பொறித்துவைத்தோம், ஸ்கிரிப்ட் அதனைப் படித்து, தான் கேட்கும் முகவரிகளின் முன்னால் சேர்த்துக்கொண்டது. கூறுமுறையில் எழுதுவோருக்கு 'இம்போர்ட் மெட்டா யூஆர்எல்' என்ற மதிப்பு, தான் எங்கிருந்து வந்தோம் என்பதை அந்தக் கோப்புக்கே தெரிவிக்கிறது.

எழுத்து வேற்றுமை பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இருக்கிறதல்லவா? விண்டோஸ் கணிப்பொறி கோப்பைத் தேடும்போது வழக்கமாக இப்பேதத்தைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். வீட்டில் ஓடிய தளம் சர்வரில் ஓடாமைக்கு இதுவும் ஒரு காரணம். கோப்புப் பெயர்களை எல்லாம் சிறிய எழுத்திலேயே வைப்பது என்று முடிவு செய்துகொண்டால் இத்தொல்லை ஒழியும்.

தமிழில் இப்பேதம் இல்லை. ஆகவே தமிழ்ப் பெயர் இட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். தமிழுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம். அல்லது கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாக இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறியின் கணக்கில் முன்னது ஆறு பைட்டு, பின்னது ஒன்பது பைட்டு. லினக்ஸ் சர்வர் வழக்கமாக இவ்விரண்டையும் வெவ்வேறு கோப்பாகவே கொள்ளும். கோப்பின் பெயரில் ஒன்றும் பக்கத்தின் வரியில் மற்றொன்றும் அமைந்துவிட்டால், எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பிழை புலப்படாது. முகவரியில் தமிழ் எழுத்து வரலாம், அதற்குத் தடையில்லை. ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரில் மட்டும் தவிர்ப்பது நல்லது என்பது நம் அனுபவம். தமிழ்ப்பற்று இதனால் குறைந்துவிடாது.

பிழையைத் தேடும் முறைக்கு வருவோம். உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால் உருவாக்குநர் கருவிகள் திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மீண்டும் வரவழைக்க வேண்டும். உலாவி கேட்ட ஒவ்வொரு கோப்பும், அதற்கு வந்த விடையும் அங்கே வரிசையாக நிற்கும். நாம் எழுதிய வழியைப் பார்ப்பதைவிட, உலாவி அதனைக் கணக்கிட்டுப் பெற்ற முழுமுகவரியைப் பார்ப்பதே முக்கியம். அதனை நகலெடுத்துத் தனியாகத் திறந்து பார்த்தால் பாதித் துப்பு துலங்கிவிடும்.

விடை 200 என்று வந்தாலும் ஏமாறலாகாது. இக்காலத்துத் தளங்கள் சிலவற்றில், எந்த முகவரியைக் கேட்டாலும் முகப்புப் பக்கத்தையே தரும்படி சர்வரை அமைத்திருப்பர். ஸ்கிரிப்டைத் தவறான இடத்தில் கேட்டால் 404 வராது. ஸ்கிரிப்டுக்குப் பதிலாக முகப்புப் பக்கத்தின் எச்டிஎம்எல் வந்து சேரும். உலாவி அதனை ஸ்கிரிப்ட் என்று எண்ணி இயக்க முயன்று, முதல் எழுத்தான '<' என்ற குறியிலேயே இடறி விழும். "எதிர்பாராத குறி" என்ற அந்த முறையீட்டைக் கண்டு ஸ்கிரிப்டின் உள்ளே பிழை தேடிப் பொழுதை வீணாக்க வேண்டாம். வழியைச் சரிபார்ப்பதே முறை.

வழி சரியாக இருந்தும் பழைய ஸ்கிரிப்டே ஓடுவதுண்டு. ஒருமுறை வந்த கோப்பை உலாவி தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்வதால் நேர்வது அது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து, உள்ளடக்கம் மாறும்போதெல்லாம் பெயரும் மாறும்படி செய்துவிடுவது இதற்கான வழக்கம். பெயர் அடிக்கடி மாறுவதால் அதனைக் கையால் எழுதுவது அறவே இயலாது. அங்கும் சர்வரே எழுத வேண்டியதாகிறது.

சங்கத்தின் பட்டியலுக்குத் திரும்புவோம். முதல் நாள் இரவு பலர் படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தியிருந்தனர். ஸ்கிரிப்ட் இல்லாதபோது, படிவத்தை உலாவியே தன் இயல்பான முறையில் அனுப்பிவிடும். வேறு முறை குறிக்கப்படாவிட்டால், நிரப்பிய விவரம் முழுவதும் முகவரியின் இறுதியில் ஒட்டிக்கொண்டு அதே பக்கத்திற்குத் திரும்பிப் போகும். பக்கம் மீண்டும் வரும். கட்டங்கள் வெறுமையாக இருக்கும். கட்டங்கள் வெறுமையானதைக் கண்டு, விவரம் ஏற்கப்பட்டுவிட்டதாகவே அவர்கள் கருதிப் படுக்கச் சென்றுவிட்டனர். நாங்கள் தொலைபேசியில் அழைப்போம் என்று காத்திருந்தனர்.

ஆனால் தனக்கு வந்த ஒவ்வொரு வேண்டுகோளின் முகவரியையும் சர்வர் தன் நாட்குறிப்பில் எழுதிவைக்கும் வழக்கமுடையது. விவரங்கள் முகவரியோடு ஒட்டி வந்தமையால் அவையும் அதில் பதிவாகியிருந்தன. தமிழ்ப் பெயர்கள் மட்டும் நேராக இல்லை. ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக மாறி, ஒரு பெயர் ஒரு வரி நீளத்திற்கு ஓடியது. அவற்றைத் திரும்பத் தமிழாக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி, பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஊரையும் பிரித்தெடுத்தோம். ஒருவரே மும்முறை அழுத்தியிருந்த வரிகளைக் கழித்தோம். பிறர் தொலைபேசி எண்கள் அவ்வாறு நாட்குறிப்பில் கிடப்பது முறையன்று. ஆகவே எடுத்து முடித்ததும் அப்பகுதியைச் சங்கத்தாரின் ஒப்புதலோடு அழித்தோம். மாலை நான்கு மணிக்குள் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசினோம். கம்பத்துக்குப் போகவேண்டிய நிறைமாதப் பெண் ஒருவரின் கணவர் மட்டும் முதல் அழைப்பை எடுக்கவில்லை. ஏழு மணிக்கு மேல் அவரே திரும்ப அழைத்து, காலையிலிருந்து தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்ததாகவும், சற்று முன்புதான் மின்னேற்றத்தில் போட்டதாகவும் சொன்னார். அவர்கள் இருவர் பெயரையும் பட்டியலில் சேர்த்தோம்.